குப்பைமேனிக்கு முட்டுக் குச்சி

அந்தத் தோட்டத்தில் துணி காயப்போடும் கம்பிதான் எல்லை. கம்பிக்கு இந்தப் பக்கம் காய்கறி, அது தையல்காரியின் வீட்டுக்காரர் ஆட்சி. அந்தப் பக்கம் பூ, அது அவளுடைய ராஜ்ஜியம். கல்யாணமான புதிதில் வெண்டைக்கு முதலில் தண்ணீரா ரோஜாவுக்கா என்று ஆரம்பித்து, நாள்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்து, கடைசியில் பிறந்த ஒப்பந்தம் அது. அன்றிலிருந்து அவள் ஒரு மிளகாயைக்கூட அவரைக் கேட்காமல் பறித்ததில்லை. அவரும் பூப்பக்கம் கால் வைத்ததில்லை.

கோடை இப்போதுதான் தலைகாட்டியிருந்தது. தக்காளி கொத்துக் கொத்தாகக் காய் பிடித்திருந்தது. புடலைக்கொடி பந்தலில் ஏறிப் பாதி தூரம் போயிருந்தது. இதையெல்லாம் தையல்காரி ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. புதுப் பள்ளிச் சீருடைகள் வந்து குவிந்துவிட்டதால் மெஷினை விட்டு எழ நேரமில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை, கழுத்து பிடித்துக்கொண்டதால்தான் ஒரு வாரம் கழித்துத் தோட்டத்துக்கு இறங்கினாள்.

இறங்கியவள் ஜீனியாப் பூப்பாத்தியைப் பார்த்து அசந்துபோனாள். யாரோ மண்ணைக் கொத்தி, களை எடுத்து, தண்ணீர் விட்டிருந்தார்கள். ஒவ்வொரு நாற்றுக்கும் ஒரு முட்டுக் குச்சி. குச்சியில் அவளுடைய தையல் நூலாலேயே பக்குவமாக ஒரு கட்டு. ‘பரவாயில்லையே, மனுஷனுக்குக் கொஞ்சம் அக்கறை வந்துவிட்டதே’ என்று குனிந்தாள்.

குச்சி கட்டி நின்றது அத்தனையும் குப்பைமேனி. தெருவோரத்தில் கேட்பாரற்று முளைக்குமே, அதே களை. அவள் விதை போட்டு முளைக்க வைத்த ஜீனியா நாற்றுகள் வேலியோரக் குப்பையில் வாடிக் கிடந்தன.

அவளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"உங்களை யாரு என் பக்கம் வரச் சொன்னது?"

பின்வாசல் படியில் உட்கார்ந்து, பஸ் ஓட்டப் போகும்போது போட்டுக்கொள்ளும் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தவர் சிரித்தார்.

"நீ மெஷினை விட்டு எந்திரிக்கிற மாதிரி தெரியல. போனாப் போகுதுன்னு களை எடுத்துக் குடுத்தேன். அதுக்கு ஒரு டீ கிடைக்கும்னு பாத்தா, திட்டுதான் கிடைக்குது!"

நாக்கு நுனிவரை வந்த வசவோடு அவர் பக்கம் திரும்பியவளின் கண்ணில் தக்காளிச் செடி பட்டது. அடிக்கொத்தில் ஒரு பழம் செக்கச்செவேலென்று கனிந்து, வெடித்து, பறவை கொத்தி, எறும்பு மொய்த்துக் கிடந்தது. வருஷாவருஷம் முதல் தக்காளி லேசாகச் சிவந்தாலே போதும், பேரக்குழந்தை பிறந்த மாதிரி தெரு முழுக்கத் தண்டோரா போடுகிற மனுஷன் அவர். இந்தப் பழத்தைப் பற்றி மூச்சே விடவில்லை.

அவள் அந்தப் பழத்தையும் குச்சி கட்டிய குப்பைமேனியையும் மாறி மாறிப் பார்த்தாள். கோபம் போன இடம் தெரியவில்லை. குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு பந்தலைக் காட்டினாள்.

"ஏங்க, அந்த ஓரத்துல புடலை பூத்திருக்கே, பாத்தீங்களா?"

அவர் தலையைத் தூக்கிப் பந்தலைப் பார்த்தார். "நேத்தே பாத்துட்டேனே. வெள்ளை வெளேர்னு எவ்வளவு பூ!"

"அங்க பூவே இல்லீங்க."

பிரஷ் நின்றது. அவர் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் பொய் சொல்லி மாட்டிக்கொண்டது உண்டு. மாட்டிக்கொண்டால் சிரித்துச் சமாளிப்பவர், இப்போது ஷூவைக் கீழே வைத்தார்.

"எப்போலேருந்து?" என்றாள்.

"குளிர் காலத்துலேருந்து. நடுவுல ஒரே மங்கலா இருக்கு. ஓரத்துல நல்லாத்தான் தெரியுது."

ஜீனியா போனால் போகட்டும். நாளைக் காலையில் இந்த மனுஷன் பள்ளிக்கூடப் பஸ்ஸை ஓட்டப்போகிறார். ‘ஹாரன் தாத்தா’ என்றால் அந்த வட்டாரத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். இப்போதெல்லாம் முக்குக்கு முக்கு ஹாரன் கூடிவிட்டது என்று பக்கத்து வீட்டில் கிண்டல் செய்தபோது அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். அந்த ஹாரன் ஏன் கூடியது என்று இப்போதுதான் புரிந்தது.

"சிக்னல் எப்படிங்க தெரியுது?"

"பிள்ளைங்களை ஏத்தி இறக்க ஒரு ஆயா வருதுல்ல, அது சொல்லும். ‘போலாம்ணே’ன்னா போவேன்."

"அந்தம்மாவுக்கு உங்க கண்ணு விஷயம் தெரியுமா?"

"கண்ணாடி மாத்தணும்னு மட்டும் சொல்லி வெச்சிருக்கேன்."

"அடப்பாவி மனுஷா!" அவள் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"கத்தாத. ரெண்டு வாரத்துல லீவு விட்டுருவாங்க. அப்புறம் டாக்டரைப் பாத்துக்கலாம். இத்தனை வருஷத்துல ஒரு கீறல் உண்டா என் வண்டியில? அந்த ரோடு எனக்குத் தலைகீழாப் பாடம்."

"ரோடு பாடமா இருக்கலாம். குறுக்க ஓடி வர்ற பிள்ளையுமா பாடம்?"

அவளுக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தால்தான் அவருக்கு உயிர். வீட்டில் உட்கார்ந்தால் ஆளே பாதியாகிவிடுவார். இரண்டு வாரம்தானே, ஆயாதான் இருக்கிறாளே என்று அவள் மனமும் ஒரு நொடி வழுக்கப் பார்த்தது. அப்படி வழுக்கியதற்காகத் தன் மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நம்ம பேத்தியை அடுத்த வருஷம் உங்க பஸ்லதான் அனுப்பணும்னு மகன் சொல்லிட்டு இருக்கான். அடுத்த வருஷத்தை விடுங்க, நாளைக்கே அவளைக் கொண்டு வந்து விடறான்னு வைங்க. ஏத்திக்குவீங்களா?"

அவர் பாலிஷ் டப்பாவை மூடப் பார்த்தார். மூடி சரியாகப் பொருந்தவில்லை. விரலால் விளிம்பைத் தடவித் தடவி அழுத்தினார்.

"மாட்டேன்" என்றார்.

அவள் உள்ளே போய்ப் போனை எடுத்து வந்தாள். தானே பேசிவிடுவதாகத்தான் எண்ணம். அதற்குள் அவர் கை நீட்டினார்.

"யாருக்குப் போடப்போற?"

"பள்ளிக்கூடத்து வண்டிக்கெல்லாம் பொறுப்பா இருக்காரே, அவருக்குத்தான்."

"நீ போட்டு மட்டும் குடு. நான் பேசிக்கிறேன். என் வண்டி, நான்தான் சொல்லணும்."

அவள் எண்ணைத் தேடி அழுத்தி அவர் கையில் கொடுத்தாள். மணி அடித்தது. அவர் எழுந்து நின்றார். மேலதிகாரியிடம் பேசும்போது அவர் உட்கார்ந்ததே கிடையாது.

"சார், நான்தான். நாளைக்கு வண்டிக்கு வேற ஆள் போட்டுருங்க சார்."

எதிர்முனைக் குரல் அவளுக்கும் கேட்டது. "என்னண்ணே, காய்ச்சலா? நீங்க லீவே போட மாட்டீங்களே! சரி, செவ்வாய்க்கிழமை வந்துருவீங்கல்ல?"

அவர், மனைவி இருந்த திசையைப் பார்த்தார். அவள் நெருங்கி வந்து அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்ல சார். இனிமே வரமாட்டேன். எனக்குக் கண்ணு தெரியல."