ஏரிக்குள் போன வண்டி

மார்ச் பிறந்துவிட்டால் மினசோட்டாவில் உறைந்த ஏரிகளை நம்பக்கூடாது; பனி இளக ஆரம்பித்துவிடும். லோர்னா காலையிலேயே சொல்லிப் பார்த்தாள். கணவன் டெல்மர் கேட்கவில்லை. உறைந்த ஏரியின் மேல் போட்டிருந்த மீன்பிடிக் குடிசையை இழுத்துவர பிக்கப் வண்டியிலேயே போனான்.

கரையில் நின்றவளுக்கு மளுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அடுத்த கணம் வண்டியின் முன்பக்கம் தண்ணீருக்குள் இறங்கியது. டெல்மர் ஜன்னல் வழியாக வெளியே விழுந்து, பனிமேல் தவழ்ந்து வந்தான். அவனுக்குப் பின்னால் வண்டி முழுதாக மூழ்கிப்போனது.

பக்கத்துப் பண்ணைக்காரர் ஆர்விட் ஓடிவந்து கயிறு வீசி அவனைக் கரைக்கு இழுத்து, கம்பளியைப் போர்த்தினார்.

"பரவால்ல டெல்மர், பழைய வண்டிதானே."

"ஆமாண்ணே, இன்னும் மோசமா ஆயிருக்கலாம்," என்றான் டெல்மர், பல் கிடுகிடுக்க.

"ஆளே போயிருக்கும்! என்ன பேச்சு பேசுறீங்க ரெண்டு பேரும்?" லோர்னாவின் குரல் உடைந்தது.

டெல்மர் அவளைத் திரும்பிப் பார்த்தான். "பயந்துட்டேன், லோர்னா. உன்னைப் பாக்காமலே போயிடுவேனோன்னு பயந்துட்டேன்." அவளைக் கட்டிக்கொண்டு விம்மினான்.

முப்பத்தோரு வருஷத்தில் நாலு பேர் முன்னால் அவள் கையைக்கூடப் பிடிக்காதவன். தன் அப்பாவின் அடக்கத்தன்றும் சோள விளைச்சலைப் பற்றியே பேசியவன். வண்டி மூழ்கியதைவிட இதுதான் அவளைத் தூக்கிவாரிப்போட்டது. கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை.

ஆர்விட் அவசரமாக வானத்தைப் பார்த்தார். "சாயங்காலம் காத்து வரும்போல."

லோர்னா மெல்ல டெல்மரை அவன் ஈரக் கோட்டோடு சேர்த்து இறுகத் தழுவிக்கொண்டாள்.