பிளக் என் பக்கம் வந்த கதை

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை நானாக யோசித்ததல்ல. என் பால்கனிக்கும் பக்கத்து வீட்டு மொட்டைமாடிக்கும் இடையே இரண்டடி இடைவெளிதான். அங்கே மத்தியானத்திலிருந்து ஒருவர் சீரியல் லைட்டு கட்டிக்கொண்டிருக்கிறார். நான் வேறொரு கதை எழுத உட்கார்ந்தவன். அது இரண்டு வரிக்கு மேல் நகரவில்லை.

2
முதல் தொடக்கம்: “அந்தி வானில் நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக...” (வேண்டாம். மணி நாலு. வெயில் மண்டையைப் பிளக்கிறது.)

இரண்டாவது: “அவர் ஒரு சர்வேயர்.” இது நிற்கும். கைப்பிடிச் சுவரை மூன்று முறை அளந்தார். பதினெட்டு மீட்டர். அரை மீட்டருக்கு ஒன்றாக முப்பத்தேழு கொக்கி. (முப்பத்தாறுதானே என்று கேட்பவர்கள் சர்வேயர் ஆக முடியாது.)

3
கதைக்கு எதிராளி வேண்டும். இருக்கிறார்: சர்வேயர் மனைவியின் அண்ணன், எலக்ட்ரீஷியன். போன வருஷம் சர்வேயர் மாட்டிய ஃபேன் தலைகீழாகச் சுற்றியதை இன்றுவரை எல்லா விசேஷத்திலும் சொல்லிச் சிரிப்பவர். காலையில் போனில் நடந்தது இது. (நான் ஒட்டுக்கேட்கவில்லை. அவர்கள் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்கள்.)

“அளக்கறது உங்க வேலை மாப்பிள்ளை. கரண்டை என்கிட்ட விடுங்க.”

“கொக்கியில மாட்டறதுக்கு நீங்க எதுக்கு மச்சான்? ஆறரைக்குச் சாப்பிட மட்டும் வாங்க.”

“எரியலன்னா?”

“இனிமே ஃபேன் கதையை நானே சொல்றேன்.”

4
ஆறு மணிக்குக் கடைசிக் கொக்கி. அப்போதுதான் தெரிந்தது. ஸ்விட்ச் போர்டு அந்தக் கோடியில் இருக்கிறது. பிளக் இந்தக் கோடியில், அவர் கையில்.

மனைவி வந்து பார்த்தார்.

“எந்த முனையில பிளக்குன்னு பாக்கலையா?”

“நீளத்தைப் பாத்தேன்.”

“எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்?”

“மூணு மீட்டர்தான். கழட்டித் திருப்பி மாட்ட நேரமில்ல.”

“அப்ப அண்ணன்கிட்டயே...”

“அதுக்கு மெழுகுவத்தி ஏத்திடலாம்.”

5
முடிவு அ: மச்சான் வந்து, பெருந்தன்மையோடு தோளைத் தட்டி... (நீங்கள் நம்ப மாட்டீர்கள். நானும்தான்.)

முடிவு ஆ: கரண்ட் போகிறது. தெருவே இருட்டு, மானம் தப்பியது. (சோம்பேறி எழுத்தாளன் வேலை. இருந்தாலும் ஐந்து நிமிடம் ஆசையோடு காத்திருந்தேன். போகவில்லை.)

முடிவு இ-யை எழுதத் தொடங்கும்போது பால்கனிக்குள் ஒரு கை நீண்டது. கையில் பிளக்.

“சார், உங்க பக்கம் பாயிண்ட் இருக்குமா? மச்சான் படியேறிட்டிருக்கார்.”

இருக்கிறது. ஒன்றே ஒன்று. அதில் என் லேப்டாப். பேட்டரி செத்துப் பல மாதம் ஆகிறது. பிடுங்கினால் கதையும் அதோடு அணையும்.

“ஒரு பத்தி முடிச்சுக்கறேன் சார்.”

“அவர் ரெண்டு ரெண்டு படியா ஏறுவார் சார்.”

வாசகரே, கடைசி வாக்கியத்தில் முற்றுப்புள்ளி இருந்தால் நான் நல்ல எழுத்தாளன், மோசமான பக்கத்து வீட்டுக்காரன். இல்லையென்றால் மாடி முழுக்க வெளிச்சம், மச்சான் கதவருகே நின்று, அண்ணாந்து பார்த்து, மாப்பிள்ளையிடம் சொல்கிறார், “