நியாயமாகப் பேசுகிறார், டாக்டர்

ரோட்டில் நடந்து போகும்போது வண்டி இடித்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஆளுக்கொரு யோசனை உண்டு. வண்டி நம்பரைக் குறித்துக்கொள் என்பார்கள். நாலு பேரைச் சாட்சிக்கு நிறுத்து என்பார்கள். எதையும் ஒத்துக்கொள்ளாமல் வாயை மூடிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போ என்பார்கள். அவள் கணவன் தார் ரோட்டில் மல்லாந்து கிடந்தவன், எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, இடித்த வேனின் டிரைவரிடம், "உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்றான்.

அந்தப் பன்மை உத்தியோகத்தில் வந்தது. வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார்ப் பிரிவில் ஃபோன் எடுக்கிற வேலை அவனுக்கு. மெஷின் சட்டையைக் கிழித்தாலும், வீட்டைத் தண்ணீரில் மிதக்க விட்டாலும், கத்துகிறவர் கத்தி முடிக்கும்வரை கேட்டுவிட்டு வருந்த வேண்டும். ஆபீஸில் அவனுக்குப் பெயரே 'வருத்தம்'. வேலை முடிந்தாலும் பழக்கம் முடியாது. வீட்டில் கதவில் இடித்துக்கொண்டால் கதவிடம் சாரி சொல்வான்.

இடித்த இடத்துக்கு நாலு கடை தள்ளி ஒரு பேக்கரி. அங்கே கேக்குக்கு மேல் கிரீமால் பெயர் எழுதுகிறவள் அவள். யாருடைய பிறந்தநாளுக்கோ பாதிப் பெயர் எழுதியிருந்தபோது கணவன் உள்ளே வந்தான். முழங்கை சிராய்த்திருந்தது. இடது காதுக்கு மேலே முடி நனைந்து ஒட்டியிருந்தது. நனைத்தது தண்ணீர் இல்லை.

"கொஞ்சம் கை கழுவிக்கட்டுமா? உனக்குத் தொந்தரவு இல்லைன்னா."

"என்னங்க இது?"

"ஒண்ணுமில்ல. ரோட்டைக் கடக்கப் போட்டிருக்கிற வெள்ளைக் கோட்டு மேலதான் நடந்தேன். ஒரு வேன்காரர் ஃபோன் பாத்துட்டு வந்தார், பாவம். வேனோட சைடு கண்ணாடி உடைஞ்சு போச்சு. எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்கன்னு என் கார்டுல வீட்டு அட்ரஸையும் எழுதிக் குடுத்திருக்கேன்."

"அவர் நம்பரை வாங்கினீங்களா?"

"நான் எதுக்கு அவரைத் தொந்தரவு பண்ணணும்?"

அவள் கையில் கிரீம் பை நசுங்கி, பெயரின் கடைசி எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குட்டி மலை எழும்பியது. அதை அப்படியே விட்டுவிட்டு அவனை ஆட்டோவில் ஏற்றினாள். ஆட்டோ சீட்டில் ரத்தம் பட்டதற்கு அவன் ஆட்டோக்காரரிடமும் வருந்தினான்.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவின் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. டாக்டர் ஒரு கையால் எழுதிக்கொண்டே கேட்டார். மயக்கம் வந்ததா? இல்லை டாக்டர். தலை வலிக்கிறதா? பரவாயில்லை டாக்டர். வாந்தி? சேச்சே. கடைசியில், "உங்க நேரத்தை ரொம்ப எடுத்துக்கிட்டேன்" என்றும் சொன்னான். டாக்டருக்கு அன்றைக்குக் கிடைத்த ஒரே மரியாதை அதுவாகத்தான் இருந்திருக்கும். காயத்துக்குத் தையல் போடச் சொல்லிவிட்டு, அவள் பக்கம் திரும்பினார்.

"இப்போதைக்கு ஸ்கேன் வேண்டாம். ஆனா இன்னிக்கும் நாளைக்கும் தனியா விடாதீங்க. தலைவலி ஏறினா, வாந்தி எடுத்தா, பேச்சு குழறினா, இல்ல ஆளே வேற மாதிரி நடந்துக்கிட்டா, யோசிக்காம இங்க கூட்டிட்டு வந்துடுங்க."

ஆளே வேற மாதிரி. வீடு வந்து சேரும்வரை அவள் அதையே மென்றுகொண்டிருந்தாள்.

வீட்டில் அவனைச் சோஃபாவில் சாய்த்து, எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். அவன் கண்ணை மூடும்போதெல்லாம் தோளைத் தட்டினாள். எதையாவது கேட்டுப் பேச வைத்தாள்.

"நம்ம கல்யாணத்தன்னிக்கு மழை பெஞ்சுதா?"

"கொட்டுச்சு. உங்க அம்மா புடவை நனைஞ்சுடுச்சு. அதுக்கு நான் அவங்ககிட்ட இன்னும் சரியா மன்னிப்புக் கேக்கல."

நிம்மதியாக இருந்தது. சரியான ஆள்தான்.

மதியம் அவள் அண்ணன் வந்தான். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தான்.

"நம்பர் நோட் பண்ணலையா? போலீஸ்ல சொல்லலையா? கார்டை வேற குடுத்தாராம். வீட்டுச் சாவியையும் குடுத்திருக்கலாமே. என்ன மாப்பிள்ளை நீங்க."

"சாரி மச்சான்."

"என்கிட்ட எதுக்குச் சாரி? நானா இடிச்சேன்?"

அவள் டீ போட்டுக் கொண்டுவந்தாள். பதற்றத்தில் சர்க்கரை போட மறந்திருந்தாள். கணவன் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தான்.

"சர்க்கரை இல்ல."

அவ்வளவுதான் சொன்னான். சாதாரண வீட்டில் சாதாரணப் பேச்சு. ஆனால் போன வருஷம் அவள் சர்க்கரை என்று நினைத்து உப்பைப் போட்டபோது, 'இன்னிக்கு வித்தியாசமா இருக்கு' என்று முழு டம்ளரையும் குடித்து முடித்தவன் அவன். ஒரு நிமிஷம் அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. மனுஷன் வாய் திறந்து ஒரு குறை சொல்ல மாட்டாரா என்று எத்தனை வருஷம் ஏங்கியிருக்கிறாள். சர்க்கரையை எடுக்க அடுப்படிக்குப் போனவளுக்கு, டப்பாவைத் திறக்கும்போது டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். மெலிந்த இளைஞன் ஒருவன், கையில் அவள் கணவனின் கார்டு.

"சார் இருக்காரா? காலைல சாரை இடிச்ச வேன் நான்தான்."

அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எழுந்தான். வந்தவன் அவசரமாகப் பேசினான்.

"அண்ணே, சார் தங்கமான மனுஷன். அவரே சாரி கேட்டாரு. முதலாளிதான் கண்ணாடிக்கு என்னைப் பிடிச்சுக் கத்துறாரு. நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறாரு. சார் ஒரே ஒரு வார்த்தை, தப்பு தன்னோடதுதான்னு ஃபோன்ல சொல்லிட்டாருன்னா..."

காலையில் இருந்த கணவன் என்றால் அந்த ஒரு வார்த்தையோடு நிறுத்தியிருக்க மாட்டான். எழுதி, கையெழுத்துப் போட்டு, வந்தவனுக்கு டீயும் கொடுத்து அனுப்பியிருப்பான். இப்போது சோஃபாவிலிருந்து மெதுவாக எழுந்தான்.

"ஃபோனைப் போடு."

இடது கையை நீட்டி வாங்கினான். அந்தப் பக்கம் முதலாளி குரல் கேட்டதும் பேசினான். "நான் வெள்ளைக் கோட்டுல நடந்தேன். உங்க டிரைவர் ரோட்டைப் பாக்கல, ஃபோனைப் பாத்தான். நான் விழுந்தேன். தலையில தையல் போட்டிருக்கு. உங்க கண்ணாடி உடைஞ்சதுல எனக்கு எந்த வருத்தமும் கிடையாது." ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டிரைவரைப் பார்த்தான். "என்னை எழுப்பிவிடக்கூட நீ இறங்கல. போ."

டிரைவர் போய்விட்டான். அண்ணன் மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டான். 

"மாப்பிள்ளை! இத்தனை நாள் எங்க வச்சிருந்தீங்க இதை? வேன்காரனுக்கு நான் ஒரு மாலை போடணும்."

 கணவன் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. ஒரு வார்த்தை அதிகமில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"அண்ணா, காரை எடு. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"எதுக்கு?"

"ஆளே வேற மாதிரி இருக்கார்."

"நல்ல மாதிரி இருக்காரும்மா. நிமிர்ந்து பேச மாட்டேங்கிறார், எல்லாரும் ஏறி மிதிக்கிறாங்கன்னு என்கிட்ட எத்தனை தடவை அழுதிருக்க? இன்னிக்கு நிமிர்ந்து பேசிட்டார். உடனே ஆஸ்பத்திரிங்கிற. டாக்டர்கிட்ட என்னன்னு சொல்லுவ?"

அது அவளுக்கும் தெரியவில்லை. தெரியாமலே கணவனின் செருப்பை எடுத்து அவன் காலடியில் போட்டாள்.

"எனக்கு ஒண்ணுமில்ல. வரல" என்றான் அவன்.

"எனக்குப் பயமா இருக்கு. எனக்காக வாங்க."

அதற்கு மட்டும் எழுந்தான். எழும்போது வலது கால் ஒரு தடவை தேய்ந்த மாதிரி தோன்றியது. தோன்றியதா, நிஜமா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

டிரைவிங் ஸ்கூல் கார் அவசரத்துக்குச் செய்யப்பட்டதில்லை. கூரைமேல் பெரிய பலகை, பக்கத்து சீட்டின் கீழே இன்னொரு பிரேக். அண்ணன் வண்டியை எடுத்தால் பாடம் நடத்துகிற மாதிரிதான் ஓட்டுவான். ஒவ்வொரு திருப்பத்திலும் சிக்னல் போட்டு, கண்ணாடி பார்த்து, மூச்சு விட்டு, திரும்பினான். பின்சீட்டில் அவள் கணவனின் கையைப் பிடித்துக்கொண்டு, பின்னால் வரும் சைக்கிள்கள் தங்களைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் வேகமா போ அண்ணா."

"வேகமா போறவன்தான் ஆளை இடிக்கிறான். நான் கத்துக்குடுக்கிற முதல் பாடமே அதுதான்."

"நீங்க கத்துக்குடுத்தவங்கதான் மச்சான் இந்த ஊர்ல பாதிப் பேர் வண்டி ஓட்டறாங்க," என்றான் கணவன், ஜன்னலைப் பார்த்தபடி. "பத்து நாள் வகுப்புன்னு சொல்லி ஆறு நாள்ல அனுப்பிடறீங்க. அவனுங்கதான் இடிக்கிறானுங்க."

அண்ணன் போட்ட சிக்னல் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது.

"ஆமா," என்றான் அண்ணன். முகத்திலிருந்த சிரிப்பைக் காணோம். "மாப்பிள்ளைக்கு என்னமோ சரியில்லதான்." அதற்குப் பிறகு எந்தத் திருப்பத்திலும் அவன் சிக்னல் போடவில்லை.

காலையில் பார்த்த டாக்டர் போய்விட்டிருந்தார். அந்த நாற்காலியில் ஒரு இளம் டாக்டரம்மா இருந்தாள்.

"என்ன பண்ணுது?"

அவள் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது ஒன்றும் வாயில் வரவில்லை.

"நியாயமா பேசறார் டாக்டர்."

டாக்டரம்மாவின் பேனா நின்றது. பக்கத்திலிருந்த நர்ஸ் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"புரியலைங்க."

"காலைல வேன் இடிச்சு தலைல அடிபட்டுது. இவர் எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேப்பார். இடிச்சவன்கிட்டயே கேட்டார். இப்ப டீ நல்லா இல்லேங்கிறார். என் அண்ணன் முகத்துக்கு நேரா உண்மையைச் சொல்றார். நீங்க நினைக்கிறது தெரியுது. ஆனா எட்டு வருஷமா கூட இருக்கேன். இவர் இப்படிப் பேசற ஆளே இல்ல."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. எழுந்து வந்து அவன் கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தாள். பிறகு மறுபடியும் பார்த்தாள்.

"ரெண்டு கையையும் முன்னால நீட்டுங்க. உள்ளங்கை மேல பாக்கட்டும். இப்ப கண்ணை மூடிக்குங்க."

அவன் நீட்டினான். இடது கை அப்படியே நின்றது. வலது கை யாரோ மெல்லக் கீழே இழுக்கிற மாதிரி, உள்ளங்கை திரும்பி, இறங்கிக்கொண்டே போனது. அவனுக்கு அது தெரியவே இல்லை. இரண்டு கையும் சமமாக இருப்பதாக நினைத்துக்கொண்டு நல்ல பிள்ளையாகக் கண்ணை மூடியிருந்தான்.

"ஸ்கேனுக்குச் சொல்லுங்க. இப்பவே," என்றாள் டாக்டரம்மா நர்ஸிடம். அந்தக் குரலில் இருந்த அவசரம், அவள் கேட்க வந்ததும் கேட்கப் பயந்ததும்.

மண்டைக்குள் ரத்தம் கட்டி மூளையை அழுத்திக்கொண்டிருந்தது. இன்னும் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்த அறுவை சிகிச்சை டாக்டர், அவள் முகத்தைப் பார்த்து அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அவன் சட்டையையும் செருப்பையும் ஒரு பையில் போட்டு அவள் கையில் கொடுத்தார்கள். கதவு மூடியது. அண்ணன் பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்காமலே, "ஆறு நாள் இல்ல, ஏழு நாள்" என்றான். 

ரத்தக்கட்டியை எடுத்துவிட்டார்கள். உயிருக்குப் பயமில்லை என்றார் டாக்டர் வெளியே வந்து. கை சரியாகிவிடும். "சுபாவம் மட்டும் இப்ப சொல்ல முடியாதும்மா. சிலர் கொஞ்சம் மாறிடுவாங்க."

காலையில் அவளை உள்ளே விட்டார்கள். தலை முழுக்கக் கட்டோடு கிடந்தான். கண் திறந்திருந்தது. இவளைப் பார்த்து அடையாளம் தெரிந்துகொண்ட மாதிரி இருந்தது. ஆனால் முதலில் பேசியது நர்ஸிடம்.

"தண்ணி வேணும்."

"இன்னும் கொஞ்சம் பொறுங்க. இப்ப குடுக்கக் கூடாது."

"அப்ப எப்ப குடுப்பீங்க?"

அவள் நர்ஸின் கையைப் பிடித்தாள். "சிஸ்டர், இது சரியா? இப்படிக் கேக்கிறது?"

"எல்லாரும் கேக்கிறதுதானே."

"இவர் கேக்க மாட்டார்."

நர்ஸ் அவளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். "டாக்டரைக் கூப்பிடட்டுமா?"

 அவள் கட்டிலின் மேல் குனிந்தாள். எந்த மனிதன் அங்கே படுத்திருக்கிறான் என்று தெரிந்துகொள்ள அவளிடம் ஸ்கேன் இல்லை.

"ஏங்க, தலை வலிக்குதா?"

அவன் யோசித்தான். கேள்வியை நிஜமாகவே எடுத்துக்கொண்டு, உள்ளே போய்த் தேடிப் பார்த்துவிட்டு வந்தான்.

"வலிக்குது. நேத்து காலைலயே வலிச்சுது. விழுந்ததும் கொஞ்ச நேரம் எல்லாம் இருட்டாவும் ஆச்சு."

"டாக்டர் கேட்டாரே. ஏன் சொல்லல?"

"சொன்னா இன்னும் நிறைய கேப்பார்," என்றான் மெதுவாக. "பின்னாடி அவ்வளவு பேர் நின்னுட்டு இருந்தாங்க. ஒரு அம்மா குழந்தையோட வேற."

அவள் நிமிர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கூப்பிட வேண்டாம் சிஸ்டர்," என்றாள். "இவர்தான்."