தண்ணீரை முந்திய லஸ்கர்

முப்பத்தொரு வருஷமாக வைத்தியலிங்கத்தைத் தண்ணீர் முந்தியதில்லை. போன ஜூனில் முந்திவிட்டது.

ஒரத்தநாட்டுப் பக்கம் கல்லணைக் கால்வாயிலிருந்து பிரியும் ஏழு கிலோமீட்டர் வாய்க்காலுக்கு அவர்தான் லஸ்கர். மதகைத் திறப்பது, மூடுவது, கரையைப் பார்ப்பது எல்லாம் அவர் பாடு. புதுத்தண்ணீர் வரும் நாளில் அதற்கு முன்னால் நடந்து, வழியிலுள்ள மடைகளை அடைக்கச் சொல்லிக்கொண்டே கடைமடைக்குப் போய்ச் சேர வேண்டும். லஸ்கர் பிந்தினால் மேல்மடைக்காரன் சும்மா இருப்பானா? தன் வயலுக்குத் திருப்பிக்கொள்வான். போன வருஷம் மூன்றாவது கிலோமீட்டரிலேயே மூச்சு முட்டிக் கரையில் உட்கார்ந்துவிட்டார். சருகும் நுரையுமாகத் தண்ணீர் அவரைக் கடந்து போனது. கடைமடைக்கு அது போய்ச் சேர நாலு நாளாயிற்று. அந்த அவமானத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே ஊருக்குத் தெரியும்.

கால் வீங்குவதை மனைவி மங்களாம்பிகை அதற்கு முன்பே கேட்டாள். "தண்ணியில நிக்கிறவனுக்குக் கால் ஊறாதா?" என்று அவள் வாயை அடைத்திருந்தார். படுத்தால் மூச்சுத் திணறிய பிறகுதான் தஞ்சாவூருக்குப் போனார்கள். எப்போதோ வாயுவென்று சோடா குடித்துச் சமாளித்த நெஞ்சுவலி மாரடைப்பாம். மாத்திரையில் வீக்கம் வடிந்தது. ஆனால் வாசல் வரை நடந்தாலே மூச்சு இளைத்தது.

அறுவை மருத்துவர் குந்தவை படம் வரைந்து காட்டினார். மூன்று ரத்தக் குழாய்களில் அடைப்பு. ஒரு வால்வு சரியாக மூடாமல் ரத்தம் பின்னால் ஒழுகுகிறது. செத்த தசை உப்பிக் கிடக்கிறது. மாற்று இதயத்துக்குப் பதிந்துவிட்டுக் காத்திருக்கலாம். இல்லையென்றால் அடைப்பைத் தாண்டிப் புதுவழி தைத்து, வால்வுக்கு வளையம் போட்டு, உப்பிய இடத்தை மடித்துத் தைக்கலாம்.

"ரிஸ்க் இருக்குங்க ஐயா. மறைக்க மாட்டேன்."

சிங்கப்பூரிலிருந்து மகன் இளஞ்செழியன் போனில், "புதுசாவே வச்சிரலாம்பா" என்றான்.

"ஷட்டர் ஒழுகுனா ரப்பர் மாத்துவோம், கரை உடைஞ்சா மூட்டை அடுக்குவோம். அதுக்காக மதகையே இடிப்பாங்களாடா?"

குந்தவை சிரித்துவிட்டார். "எல்லாருக்கும் இது ஒத்துவராது ஐயா. உங்களுக்கு உயிருள்ள தசை நிறைய இருக்குன்னு ஸ்கேன் சொல்லுது. அந்தத் தைரியத்துலதான் சொல்றேன்."

"ஜூன்ல வாய்க்கா நடக்கலாமா?"

"அத மே மாசம் கேளுங்க."

பிப்ரவரியில் ஆறு மணி நேரம் நடந்தது அறுவை. மங்களாம்பிகை வெளியே பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் உட்கார்ந்திருந்தாள். மறுவாரம் கட்டிலைச் சுற்றி நாலடி. அடுத்த மாதம் தெருமுனை வரை. பிறகு கோயில் வரை. மே கடைசியில் பரிசோதித்தபோது, ரத்தத்தைத் தள்ளும் திறன் இருபத்தைந்து சதவீதத்திலிருந்து நாற்பத்திரண்டுக்கு ஏறியிருந்தது.

"நிதானமா நடங்க, மாத்திரைய விடாதீங்க. ஷட்டர் சக்கரத்த மட்டும் தொடாதீங்க" என்றார் குந்தவை.

தண்ணீர் வந்த அன்று காலை வேறொரு ஊழியர் சக்கரத்தைச் சுற்ற, வைத்தியலிங்கம் நடக்கத் தொடங்கினார். பின்னாலேயே டிவிஎஸ் எக்ஸெல்லில் மங்களாம்பிகை. முன்னால் மாத்திரைப் பை, பின்னால் கயிறு போட்டுக் கட்டிய பிளாஸ்டிக் நாற்காலி.

"உக்காரணும்னா சொல்லுங்க."

"உனக்கு வேற வேல இல்ல?"

மடைக்கு மடை நின்று அடைக்கச் சொன்னார். போன வருஷம் உட்கார்ந்த இடம் வந்ததும் நின்றார். அவள் வண்டியை அணைத்துவிட்டுக் கயிற்றை அவிழ்க்கப் போனாள். அவர் திரும்பிப் பார்த்தார். தண்ணீர் இன்னும் வளைவுக்கே வரவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலே நடந்தார்.

கடைமடையில் விவசாயி துரைராசும் இன்னும் நாலைந்து பேரும் புதுத்தண்ணீரில் தூவப் பூவோடு நின்றிருந்தார்கள்.

"லஸ்கரே, தண்ணி எங்க?"

"பின்னால வருது." இதைச் சொல்லத்தான் ஒரு வருஷம் காத்திருந்தார். நெஞ்சு நிறைந்து போயிற்று.

மங்களாம்பிகை நாற்காலியை இறக்கிப் போட்டாள். அவர் உட்காரவில்லை. அவளே அதில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, பிப்ரவரியில் அழாததையெல்லாம் அழுது தீர்த்தாள். அவர் அவள் தோளில் கை வைத்தபடி நின்றார்.

கால் மணி நேரம் கழித்துச் சருகைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் வந்தது.

"ஏன் இவ்ளோ நேரம்?" என்று அதைக் கேட்டார் வைத்தியலிங்கம்.