எழுந்து நின்ற செப்பு வில்லைகள்

ஜெயபாண்டி சேர்த்து வைத்திருந்த பதினேழு செப்பு வில்லைகளில் மண்டியிட்டிருந்த மனிதர்கள், சென்ற ஆண்டு மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு எழுந்து நின்றார்கள். ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜின் மாடி ஹாலில் அன்று பழங்காசுக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. நாற்பது பேராவது அதைப் பார்த்தார்கள். வெயில் கடுமை, வைத்திருந்த மோர் பதினொன்றுக்கே தீர்ந்துவிட்டது என்பதையும் அவர்கள் சேர்த்தே சொல்கிறார்கள்.

இருநூறு வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் அடிமை வியாபாரத்தை எதிர்த்தவர்கள் அச்சடித்து ஊரெல்லாம் புழங்கவிட்ட வில்லைகள் அவை. விலங்கிட்ட கறுப்பு மனிதன் ஒருவன் அவற்றில் மண்டியிட்டுக் கைகூப்பி, ‘நானும் மனிதன் இல்லையா, உங்கள் சகோதரன் இல்லையா’ என்று கேட்டுக்கொண்டிருப்பான். பல்கலைக்கழக அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற ஜெயபாண்டி, நாகமலை புதுக்கோட்டை வீட்டில் இருந்தபடியே ஏழு வருடம் ஏலம் கேட்டு ஒவ்வொன்றாகத் தருவித்தார். எந்த வில்லை எந்த ஆண்டு, எந்த ஊரில் அடித்தது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஏன் இதை மட்டும் சேர்க்கிறீர்கள் என்று மனைவி கனகலட்சுமி ஒருமுறை கேட்டாள். “பாக்கப் பாவமா இருக்குல்ல” என்றார். அதற்கு மேல் அவரும் யோசித்ததில்லை.

அன்று முத்துமீனா என்ற தாலுகா ஆபீஸ் ஊழியை, தன் அம்மாவைக் கண் டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பும் வழியில் போர்டைப் பார்த்து மாடியேறினாள். அம்மா சோணையம்மாள் திருவாதவூர்க்காரி, அறுபத்தைந்தைத் தாண்டியவள். ஜெயபாண்டிக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. எல்லோருக்கும் சொல்வதுபோல அவளுக்கும் விளக்கினார். அவள் வில்லைகள் இருந்த கண்ணாடிப் பெட்டியின் மேல் குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

“யாரப் பாத்துக் கும்பிடுறாரு?”

“எஜமானப் பாத்துத்தாம்மா.”

“எஜமான் படம் எங்க?”

“அது போடலம்மா.”

“போட மாட்டாக” என்றாள். பிறகு நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். “நீங்க மேல வீட்டுச் சின்னய்யாதான? நான் பேச்சிமுத்து பொண்டாட்டி.” அவர் பதில் சொல்வதற்குள் அவள் கண்ணாடிமேல் விரல் வைத்து, “எந்திரிப்பா, முட்டி வலிக்கும்” என்று அந்த மனிதனிடம் சொன்னாள். அவன் எழுந்தான். அவனைப் பார்த்து மற்ற பதினாறு பேரும் எழுந்தார்கள். பெட்டிக்குள் சங்கிலிகள் விழுந்த சத்தம் மாடிப்படி வரை கேட்டது.

திருவாதவூரில் ஜெயபாண்டியின் அப்பா சின்னச்சாமிக்கு நிலம் இருந்தது. பேச்சிமுத்து தன் அப்பன் காலத்திலிருந்தே அந்த வீட்டுக்குப் பண்ணையாள். கொத்தடிமை கூடாது என்று சட்டம் வந்து எட்டு வருடம் ஆகியும், எண்பத்து நான்கு தை மாதம்வரை அது அந்தக் களத்து வாசலுக்கு வந்து சேரவில்லை. அந்தத் தையில் பேச்சிமுத்து களத்தில் மண்டியிட்டான். பக்கத்தில் சோணையம்மாள், அவள் தோளில் காய்ச்சலில் கொதிக்கும் பிள்ளை. மேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்வர அரை நாள் கேட்டார்கள். “கதிர் கொட்டிப் போகும். அறுத்து முடிச்சிட்டுப் போ” என்றார் சின்னச்சாமி. இருபத்து நான்கு வயது ஜெயபாண்டி புது மோட்டார் சைக்கிளின் சாவியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். மேலூர் இருபது நிமிடம். அவர் வாய் திறக்கவில்லை. அறுப்பு முடிய மூன்று நாள் ஆயிற்று. பிள்ளை இரண்டு நாள்தான் இருந்தது.

வில்லைகளைச் சோதித்த நிபுணர்கள் எடை சரி, செம்பு சரி, நிற்பதுதான் தவறு என்று எழுதிக் கொடுத்தார்கள். ஜெயபாண்டி அதைப் படிக்கவில்லை. ஒன்பதாம் நாள் பஸ் ஏறித் திருவாதவூர் போனார். பேச்சிமுத்து செத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. சோணையம்மாள் ஆடுகளுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தாள். அவர் தரையில் கையூன்றி மண்டியிடப் போனார்.

“எந்திரிங்க” என்றாள் அவள், குரல் உயர்த்தாமல். “அந்தச் சோலி எங்க வீட்டுக்காரரோட போகட்டும்.”

“அன்னிக்கு நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வண்டியிலயாவது கொண்டுபோய் விட்டிருக்கலாம்.”

“ஆமா. விட்டிருக்கலாம்.”

அவள் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. “பிள்ள பேரு தெரியுமா உங்களுக்கு?” என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்று அவர் தலையை ஆட்டினார். “தமிழ்வாணி. அவுக அப்பா வச்ச பேரு. அஞ்சு வயசு.” சொல்லிவிட்டுக் குழையைக் கட்டப் போனாள்.

செய்தி பரவி, திண்டுக்கல், விருதுநகர், கோயம்புத்தூர் என்று பல ஊர்களிலிருந்து வில்லை வைத்திருப்பவர்கள் இப்போது திருவாதவூர் வருகிறார்கள். சோணையம்மாள் வேலைக்கு நடுவே விரல் வைத்து ஒரு வார்த்தை சொல்லி எழுப்பிவிடுகிறாள். ஆடு பத்திப் போகும் நேரத்தில் மட்டும் யாரும் வரக் கூடாது. வழி தெரியாதவர்களை ஜெயபாண்டி கூட்டி வருகிறார். தெருமுனை வரை வந்து, மூன்றாவது வீடு என்று கைகாட்டிவிட்டு, அவர்கள் திரும்பும்வரை டீக்கடையில் நிற்கிறார். கடைக்காரர் பெஞ்சைத் துடைத்துப் போடுகிறார். ஜெயபாண்டி இதுவரை உட்கார்ந்ததில்லை.