கொஞ்சம் மெதுவா

செங்கம் சாலைக் காபிக் கடையில் காலை வேளைகளில் பியானோ வாசிப்பவள் எழிலரசி. சொந்த நாட்டுக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவரிடம் அவள் வாங்கிய பழைய டிஜிட்டல் பியானோவில்தான் நான்கு வருடமாக வாசிப்பு. "கொஞ்சம் மெதுவா வாசிங்களேன்" என்று கடைக்காரர் தசரதன் வாரத்துக்கு இரண்டு முறையாவது சொல்லுவார். சங்கீதம் தெரியாத மனுஷன் என்று அவளும் அத்தனை முறை மனசுக்குள் திட்டுவாள்.

இப்போது அவர் புதிய பியானோ ஒன்றை வாங்கி, பழையதன் பக்கத்திலேயே வைத்துவிட்டார். எழிலரசிக்குச் சுருக்கென்றது. பழையதுதான் உசத்தி என்று அவர் முன்னாலேயே காட்டிவிடுவது என்று உட்கார்ந்தாள்.

"இந்தப் புதுசுல எக்கோ ஜாஸ்தி. அதை நிறுத்திட்டுக் கேளுங்க."

நிறுத்தியும் புதியதன் கீழ் சுரங்கள் கோயில் மணி போல நின்று அடங்கின. பழையதில் அவை சட்டென்று செத்தன.

"சத்தம் கிடக்கட்டும். என்னுதுல கட்டை எவ்ளோ கனம் பாருங்க, நிஜப் பியானோ மாதிரி!"

ஒரே தாலாட்டை இரண்டிலும் மெல்ல வாசித்தாள். புதியதில் ஒவ்வொரு சுரமும் கேட்டது. பழையதில் நான்கு கட்டைகள் வாயே திறக்கவில்லை; ஓங்கிக் குத்தினால்தான் பேசின. அந்த நான்குக்காக இத்தனை நாளும் எல்லாக் கட்டைகளையும் குத்திக்கொண்டிருந்திருக்கிறாள்.

தசரதன் காபி ஆற்றப் போனார்.

எழிலரசி பழையதன் ஒயரைப் பிடுங்கினாள். புதியதில் தாலாட்டை முதலிலிருந்து, இன்னும் மெல்லத் தொடங்கினாள். பாதியில் நிறுத்தி, மூலை மேசையில் அரட்டை அடித்தவர்களை முறைத்தாள்.

"அண்ணே, அவங்களைக் கொஞ்சம் மெதுவாப் பேசச் சொல்லுங்க."