லீர்மோ சரிவில் ஒரு சறுக்குமேடு

மழைக்கோட்டின் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு மேட்டின் பின்பக்கம் போனபோதுதான் ரங்னில் அந்த விரிசலைப் பார்த்தாள். புல்லுக்குள் ஒளிந்து கிடந்தது. ஒரு விரல் அகலம்தான். ஆனால் மேட்டின் அடியை ஒட்டி வில்லைப்போல் வளைந்து முப்பது மீட்டருக்குப் போயிற்று. குனிந்து மடக்கு அளவுகோலை உள்ளே விட்டாள். ஒரு மீட்டர் போயிற்று, ஒன்றே கால் மீட்டர் போயிற்று. அடி தட்டவில்லை.

நவம்பர் மாதம், வெள்ளிக்கிழமை காலை. மூன்று வாரமாக விடாத மழை. உறைபனி பிளந்திருக்கும் என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள். இன்னும் ஒரு நாள்கூடப் பனி உறையவில்லை என்பது உடனே நினைவுக்கு வந்தது. அளவுகோலை மடக்கிவிட்டுப் போனை எடுத்தாள்.

ஆறு வருடத்துக்கு முன்னால் லீர்மோவில் சரிவுக்கு மேலே பார்லி வயல்கள்தான் இருந்தன. ஒஸ்லோவுக்கு ரயில் நேரம் இருபது நிமிடமாகக் குறைந்ததும் வயல் முழுக்க அடுக்குமாடி வீடுகள் எழுந்துவிட்டன. அவற்றுக்கும் ஓடைக்கும் நடுவில் மிஞ்சிய நீளமான நிலத்தில் ஊருக்கென்று ஒரு பூங்கா அமைக்கும் பொறுப்பை நகராட்சி ரங்னிலிடம் கொடுத்திருந்தது. கூரைத் தண்ணீரைத் தேக்கும் குளங்கள், யாரும் பறித்துத் தின்னக்கூடிய பழச்செடிகள், வெட்டாமல் விடும் புல்வெளி, குழந்தைகள் குளிர்காலத்தில் சறுக்கி விளையாட ஒரு மேடு. அந்த மேட்டில்தான் அவளுக்குப் பெருமை. அடுக்குமாடிகளுக்கு அடித்தளம் தோண்டிய மண்ணை நாற்பது கிலோமீட்டர் லாரியில் கொண்டுபோய்க் கொட்டாமல், இங்கேயே குவித்து மேடாக்கினாள். ‘ஒரு லாரி மண்கூட ஊரைவிட்டு வெளியே போகாது’ என்று திட்ட அறிக்கையில் எழுதியதை மேயர் கூட்டத்தில் வாசித்துக் காட்டியிருந்தார்.

முதல் வரைபடத்தில் மேடு இந்த இடத்தில் இல்லை. நாற்பது மீட்டர் உள்ளே தள்ளி இருந்தது. அங்கே ஒரு சின்னக் குட்டையில் அரிய நீர்ப்பல்லி முட்டையிடுகிறது என்று தெரிந்ததும், பென்சிலை எடுத்து மேட்டைச் சரிவின் விளிம்புப் பக்கம் நகர்த்தியவள் அவள்தான். மண்ணைத் துளைத்துப் பார்த்த சோதனையெல்லாம் பழைய இடத்தில்தான் நடந்திருந்தது. மறுபடி துளைக்க வேண்டுமா என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டபோது, ‘சின்ன நகர்த்தல், பாதிப்பு ஒன்றும் இல்லை’ என்று மின்னஞ்சலில் ஒரு வரி பதில் போட்டிருந்தாள்.

சரிவுக்குக் கீழே, ஓடையை ஒட்டிப் பதினொரு பழைய வீடுகள் இருந்தன.

மண் பொறியாளர் யோருன் மத்தியானம் துளையிடும் வண்டியோடு வந்து சேர்ந்தாள். ரங்னிலுக்குப் பல வருடப் பழக்கம். எதற்கும் சிரிக்கிறவள். அன்றைக்கு விரிசலைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

“மேட்டு மேல இருந்து இறங்கி வா. ஓடாத. மெதுவா நட.”

இரண்டாவது துளையில் பத்து மீட்டர் ஆழம் தாண்டியதும் கம்பி தடையே இல்லாமல் உள்ளே போயிற்று. வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல. யோருன் அந்த ஆழத்து மண்ணைக் குழாயில் எடுத்து வண்டியின் பின்கதவில் வைத்தாள். சாம்பல் நிறக் களிமண். கத்தியால் துண்டு போட்டாள், சீஸ் மாதிரி நறுக்கென்று வெட்டுப்பட்டது. அந்தத் துண்டைக் காபிக் கோப்பையில் போட்டுக் கரண்டியால் கிளறினாள். பத்துச் சுற்று சுற்றியிருப்பாள். துண்டு மறைந்துபோய், கோப்பையில் மோர் மாதிரி ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. யோருன் கோப்பையைச் சாய்த்தாள். அது வழிந்து புல்லில் ஓடியது.

“ஒரு காலத்துல இது கடலுக்கு அடியில கெடந்த மண்ணு. உப்பு இருக்கற வரைக்கும் கெட்டியா நிக்கும். மழைத்தண்ணி உப்பைக் கழுவிட்டா இப்படித்தான். தலையில பாரம் ஏத்தி ஒரு உலுக்கு உலுக்கினா போதும்.”

“எவ்வளவு பாரம் ஏத்தியிருக்கோம் தெரியுமா?”

“தெரியும், ரங்னில். நானும்தான் பார்க்கறேனே.”

மறுநாள் காலை பத்து மணிக்குக் குடியிருப்போர் சங்கத்தின் கூட்டு வேலை நாள். அறுபது பேர் மண்வெட்டியோடு அந்த மேட்டில் ஏறி ராஸ்பெரிச் செடி நடப் போகிறார்கள். ரங்னில் துறைத் தலைவரைக் கூப்பிட்டாள். அவர் ஏதோ ஒரு கடையில் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

“ஆய்வுக்கூடத்துல இருந்து முடிவு வரட்டுமே. திங்கக்கிழமை உட்கார்ந்து பேசலாம். வீணா ஊரைக் கிளப்பாதீங்க.”

“திங்கக்கிழமை வரைக்கும் அது நிக்கும்னு எழுதிக் குடுப்பீங்களா?”

 அவள் போனை வைத்தாள். யோருன் அதற்குள் போலீசுக்கு எண்களை அழுத்தத் தொடங்கியிருந்தாள்.

சங்கத் தலைவரின் பெயர் கூட்லைக். சரிவுக்குக் கீழே கடைசி வீட்டில் இருந்தார். பள்ளிக்கூடத்தில் மரவேலை சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், மனைவி இறந்தபின் தனியாக இருப்பவர். சறுக்குமேடு வேண்டுமென்று ஒன்பது வருடம் மனுப் போட்டவர் அவர். ரங்னில் உள்ளே போனபோது மறுநாளுக்கான வாஃபிள் மாவைப் பெரிய வாளியில் கலக்கிக்கொண்டிருந்தார்.

“வாங்க வாங்க. நகராட்சியே வீடு தேடி வந்திருக்கு. ரிப்பன் வெட்டற தேதியா?”

“நாளைக்கு வேலை வேண்டாம், கூட்லைக். மேடு கிட்ட யாரும் போகக் கூடாது. சரிவு அசையுது.”

“அசையுதா? யார் சொன்னா?”

“விரிசல் விட்டிருக்கு.”

“விரிசலா? என் வீட்டுச் சுவர்ல நாலு இருக்கு, முப்பது வருஷமா.” கரண்டியை வாளி விளிம்பில் தட்டினார். “முதல்ல காசு இல்லன்னீங்க. அப்புறம் பல்லின்னீங்க. இப்ப விரிசலா? பசங்க வளர்ந்து பல்கலைக்கழகம் போயிடுவாங்கம்மா, உங்க மேடு வர்றதுக்குள்ள.”

கோப்பையில் கிளறியபோது களிமண் எப்படி மோராயிற்று என்று அவள் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். நம்பியதாகத் தெரியவில்லை. கிளம்பலாம் என்று அவள் திரும்பியபோது நிலவறைக் கதவுக்கு அடியில் மரச்சுருள்கள் கிடந்ததைப் பார்த்தாள். புதுச் சுருள். இன்னும் மஞ்சள் மாறவில்லை.

“இது என்ன?”

“கதவு ஒட்டிக்குது. மழைக்கு மரம் ஊதியிருக்கும். செவ்வாய்க்கிழமை இழைச்சேன். நேத்து மறுபடி இழைச்சேன்.” சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். கதவைத் தள்ளிப் பார்த்தார். மேல் மூலையில் இறுகி நின்றது. கீழ் மூலையில் இரண்டு விரல் இடைவெளி விழுந்திருந்தது. மரவேலை செய்கிறவருக்கு வேறு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஊதிய கதவு இப்படி ஒட்டாது. சட்டமே கோணியிருந்தது. வீடே திருகியிருந்தது.

கூட்லைக் வாளியைக் கீழே வைத்தார். 

“பக்கத்து வீட்டுல ரெட்டைக் குழந்தைங்க,” என்றார் மெல்ல. “நான் அங்க போறேன். நீங்க அந்தக் கோடியில ஆரம்பிங்க.”

இரண்டு மணி நேரத்தில் பதினொரு வீடும் காலியாயிற்று. போலீஸ் வந்து சாலையை மறித்தது. ஓடாமல், சத்தம் போடாமல், காரைக்கூட இரண்டாவது கியருக்கு மேல் போடாமல் ஆட்கள் வெளியேறினார்கள். தரையே காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பதுபோல எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். விளையாட்டுக் கூடத்தில் மெத்தை விரித்தார்கள். யாரோ கொண்டுவந்த பிளாஸ்க்கில் காபி இருந்தது, குடிக்கத்தான் ஆள் இல்லை.

பிறகுதான் நிஜமான பயம் தொடங்கியது. மேட்டை அப்படியே விட்டால் சரியும். பாரத்தைக் குறைக்க வேண்டுமென்றால் யாராவது இயந்திரத்தோடு அதன் மேலேயே ஏறியாக வேண்டும். இயந்திரத்தின் அதிர்வே அதைச் சரிய வைக்கலாம்.

“சின்ன வண்டி போதும்,” என்றான் ஹால்வர். மேட்டைக் குவித்துக் கொடுத்த மண்வாரி ஓட்டுநர் அவன். “குவிச்சது நான். எந்த மண்ணு எங்க இருக்குன்னு எனக்குத்தான் தெரியும்.”

“உனக்குப் பொண்டாட்டி இருக்கா?” என்று கேட்டாள் யோருன்.

“இருக்கா. அதான் கதவைத் தொறந்து வச்சுட்டு ஓட்டப்போறேன்.”

விரிசலின் இரண்டு பக்கமும் குச்சி அடித்து, நடுவில் அளவு நாடா கட்டி, மில்லிமீட்டர் கணக்கில் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது. கருவிகள் வந்து சேர ஒரு நாள் ஆகும். ரங்னில் தானே நிற்பதாகச் சொன்னாள். யோருன் அவளை ஏறிட்டுப் பார்த்துவிட்டு வாக்கி டாக்கியைக் கொடுத்தாள்.

சனிக்கிழமை விடிந்ததும் வேலை தொடங்கியது. ஒரு வாளி மண் எடுப்பான். நிறுத்துவான். அவள் நாடாவைப் படித்துச் சொல்வாள். “அப்படியேதான் இருக்கு.” அடுத்த வாளி. காலுக்கடியில் நிலம் மூச்சு விடுகிறதா என்று அவள் உள்ளங்காலால் கேட்டுக்கொண்டே நின்றாள். சிறுநீர் கழிக்கப் போகக்கூடப் பயமாக இருந்தது. அந்த நேரத்தில் அசைந்துவிட்டால் என்ன செய்வது? மறுநாள் கருவிகள் வந்தன. அப்போதும் அவள் நகரவில்லை. இரவில் வீட்டுக்குப் போய்ப் படுத்தால், கட்டிலுக்கு அடியில் மோர் ஓடியது.

செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள் மேட்டில் பாதிக்கு மேல் எடுத்தாயிற்று. மழையும் விட்டிருந்தது. ஹால்வர் வாக்கி டாக்கியில் சீட்டி அடிக்கத் தொடங்கியிருந்தான். ரங்னில் நாடாவைப் பார்த்தாள். நான்கு மில்லிமீட்டர் கூடியிருந்தது. மறுபடி பார்த்தாள். ஒன்பது. கண்ணெதிரே பதினாறாயிற்று.

“ஹால்வர், இறங்கு. வண்டியை விட்டுட்டு இறங்கு. பின்பக்கமா.”

அவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே குதித்தான். இருவரும் அடுக்குமாடிகள் பக்கம் போனார்கள். இந்த முறை யாரும் மெதுவாக நடக்கவில்லை. பின்னால் துணி கிழிகிற சத்தம் ஒன்று கேட்டது, நீளமாக. அவள் திரும்பிப் பார்த்தபோது ஓடைக்கரையில் நின்ற மரங்கள் நிமிர்ந்தபடியே நகர்ந்து போய்க்கொண்டிருந்தன, ரயில் பெட்டியில் நிற்கிற ஆட்களைப்போல. அவற்றின் பின்னால் சரிவின் அடிப்பகுதி கரைந்து ஓடியது. சாம்பல் நிறக் கூழ் கடைசி வீட்டைத் தொட்டது. வீடு முனகிக்கொண்டே திரும்பி, கூரை ஒரு பக்கமாகச் சாய்ந்து, பாதி உயரத்துக்கு மண்ணில் புதைந்து நின்றது. ஒரு நிமிடத்துக்கும் குறைவாகத்தான் இருக்கும் எல்லாம்.

மண்வாரி விளிம்பில் நின்றபடி ஓடிக்கொண்டிருந்தது. ஹால்வர் புல்லில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான்.

மற்ற பத்து வீடும் தப்பின. மேடு முழுசாக இருந்திருந்தால் சரிவு மொத்தமும், மேலே இரண்டு அடுக்குமாடிகளும் போயிருக்கும் என்று யோருன் பின்னால் எழுதினாள். ஒரு உயிர்கூடப் போகவில்லை. போன வீடு கூட்லைக்கினுடையது. தடுப்பு நாடாவுக்கு அப்பால் கையைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு அவர் அதைப் பார்த்தபடி நின்றார். ரங்னில் பக்கத்தில் போனாள். 

“முதல் வரைபடத்துல மேடு எங்க இருந்துச்சு?” என்று அவர்தான் கேட்டார்.

“நாற்பது மீட்டர் உள்ள. நான்தான் நகர்த்தினேன். மறுபடி துளைக்க வேண்டாம்னு சொன்னதும் நான்தான்.”

அவர் தலையசைத்தார். அதன் பிறகு குளிர்காலம் முழுக்க அவளோடு பேசவில்லை.

விசாரணை அறிக்கை மார்ச்சில் வந்தது. குடியிருப்போர் கூட்டத்தில் நகராட்சி வக்கீல் வாசிப்பதாக இருந்தது. ரங்னில் எழுந்து அதை வாங்கி, அந்த மின்னஞ்சல் வரியைத் தன் வாயாலேயே வாசித்தாள்.  கூடம் நிறைய ஆட்கள். ஒரு அம்மா எழுந்து, ரெட்டைக் குழந்தைகளின் பெயரைச் சொல்லி, தூங்கும்போது அவர்களின் தலை எந்தப் பக்கம் இருக்கும் என்பதை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அந்த வார்த்தைகள் ரங்னிலின் காதைவிட்டுப் போகவே இல்லை.

வேலையை விட்டுவிடுவதாக மறுநாளே கடிதம் எழுதினாள். துறைத் தலைவருக்கும் அதுவே வசதியாக இருந்தது. இரண்டு வாரம் கழித்து கூட்லைக் அலுவலகத்துக்கு வந்தார், சங்கத்தின் தீர்மானத்தோடு. ஓடைக் கரைக்குக் கல் அடுக்கிப் பலப்படுத்தியபின், மேடே இல்லாத பூங்கா. குளமும் பழச்செடியும் போதும். வரைவது அதே ஆளாக இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது.

“ஏன்?” என்றாள்.

“எனக்குக் கோபம் போயிடுச்சுன்னு நினைக்காதீங்க. போகலை.” அவர் நாற்காலியில் உட்காரவில்லை. “புதுசா ஒருத்தரைப் போட்டா அவர் பென்சிலை எடுத்துக்கிட்டு ஜாலியா வருவார். அவருக்கு அந்த இடத்தைப் பார்த்தாப் பயமா இருக்காது. உங்களுக்கு இருக்கும்ல?”

“இருக்கு.”

“அப்ப சரி.”

அவர் போனபின் ரங்னில் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். யோருனைக் கூப்பிட்டு, பூங்கா நிலம் முழுக்கப் பத்து மீட்டருக்கு ஒரு துளை போட எத்தனை வாரம் ஆகும் என்று கேட்டாள். ஏழு வாரம் என்றாள் யோருன். காத்திருப்பதாகச் சொல்லிவிட்டு, வரைபடத் தாளை வெறுமையாகவே மேசையில் விரித்து வைத்தாள்.